தொந்தியைக் கண்டு ஏமாறாதீர்கள்! சின்ன நாய்க்குட்டியை வளர்ப்பது எப்படி?

இரவு 2 மணி. உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமம். ஊரே தூங்குகிறது. ஒரு வீட்டில் மட்டும் சிறுமி ஒருத்தி அலறுகிறாள்.

"ஆயா! குட்டிக்கு என்னமோ ஆயிடுச்சு, ஆயா!"

கிழவி எழுந்து விளக்கைப் போடுகிறாள். கோணியின் மேல் வெள்ளைப் பஞ்சு உருண்டை போலக் கிடக்கிறது நாய்க்குட்டி. கால்கள் நடுங்குகின்றன. தலை தொங்குகிறது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

"ராத்திரி சோறு வெச்சியாடி?"

"மத்தியானம் வெச்சதே அப்படியே கிடந்துச்சு, ஆயா. அதான் வெக்கல."

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடக்கும் கதை அல்ல. சின்ன ஜாதி நாய்க்குட்டியை ஆசையாக வாங்கும் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. காலையில் துள்ளி விளையாடிய குட்டி இரவில் சுருண்டு விடும். "கண் பட்டுவிட்டது" என்பார்கள் சிலர். "காற்று, கருப்பு" என்பார்கள் வேறு சிலர்.

உண்மைக் காரணம் பசி!

வயிறு சின்னது, பசி பெரியது

சின்ன ஜாதிக் குட்டியின் உடம்பு மிகச் சிறியது. அதன் ஈரலில் சேர்த்து வைக்கும் சர்க்கரையும் கொஞ்சம்தான். ஆனால், அது ஓடுவதும் குதிப்பதும் அதிகம். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தால் இருப்பு தீர்ந்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை குறையும். மூளைக்குச் சக்தி கிடைக்காது. நடுக்கம் வரும், தள்ளாட்டம் வரும், வலிப்பும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

சர்க்கரையைத் தண்ணீரில் கெட்டியாகக் கரையுங்கள். விரலால் தொட்டுக் குட்டியின் ஈறில் தடவுங்கள். தேன் இருந்தால் தேனும் தடவலாம். நினைவில்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஊற்றினால் மூச்சுக் குழாயில் போய்விடும். குட்டியைத் துணியில் சுற்றிக் கதகதப்பாக வையுங்கள். கண் விழித்ததும் கொஞ்சம் உணவு கொடுங்கள். பிறகு, தாமதிக்காமல் கால்நடை டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள். குட்டி எழுந்து நடந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. அது ஏன் சாப்பிடவில்லை என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ராணி வளர்த்த நாய்

நம் ஊர்களில் "பொமரேனியன்" என்று சொல்லி வளர்க்கும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை உண்மையில் "இந்தியன் ஸ்பிட்ஸ்" ஜாதி. இவற்றில் சிறிய வகை, வளர்ந்த பிறகு சுமார் 5 முதல் 7 கிலோ இருக்கும். அசல் பொமரேனியன் இன்னும் சிறியது. பெரும்பாலும் 3 கிலோ அளவில்தான் இருக்கும்.

பொமரேனியா என்பது பால்டிக் கடற்கரையில் உள்ள ஒரு பகுதியின் பெயர். இன்று அது போலந்து, ஜெர்மனி ஆகிய இரண்டு நாடுகளிலும் அடங்கியிருக்கிறது. இங்கிலாந்து ராணி விக்டோரியா 1888ல் இத்தாலிக்குப் போனபோது இந்த ஜாதி நாயைக் கொண்டுவந்தார். அதன் பிறகு சீமையில் இதற்கு மவுசு ஏறியது. 1901ல் ராணி இறந்தபோது, "டூரி" என்ற அவரது பொமரேனியன் படுக்கையில் உடன் இருந்தது. நம் நாட்டில் 1994ல் வந்த "ஹம் ஆப்கே ஹைன் கோன்" என்ற இந்திப் படத்தில் நடித்த "டஃபி" ஓர் இந்தியன் ஸ்பிட்ஸ்தான்.

ராணி வளர்த்தாலும் கூலித் தொழிலாளி வளர்த்தாலும் குட்டியின் வயிறு ஒன்றுதான். அதற்கு வேண்டியது அரண்மனை அல்ல. வேளா வேளைக்கு உணவு.

எப்போது வாங்கலாம்?

பிறந்த குட்டிக்குக் கண் திறக்க 10 முதல் 14 நாட்கள் ஆகும். மூன்றாவது வாரத்தில் பால் பற்கள் முளைக்கத் தொடங்கும். மூன்று, நான்கு வாரங்களில் மெத்தென்ற உணவை நக்கித் தின்னப் பழகும். ஏழு, எட்டு வாரங்களில் பால் மறக்கும்.

ஆகவே, 8 வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. 2017ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளும், 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. "சின்னதா வாங்கினால்தான் பாசமாக இருக்கும்" என்று 30 நாள் குட்டியைத் தூக்கி வருவது பாசம் அல்ல, பாவம்.

சோறும் பாலும் போதுமா?

உத்திரமேரூர் நெல் விளையும் பூமி. ஏரித் தண்ணீரில் பயிர் செய்யும் ஊர். வீட்டில் சோறு இருக்கும்; பால் இருக்கும். ஆகவே, குட்டிக்கும் பால் சோறு.

இதில்தான் தவறு நேர்கிறது.

வளரும் குட்டிக்குச் சதையும் எலும்பும் கட்டப் புரதம் வேண்டும். 100 கிராம் சோற்றில் சுமார் 3 கிராம் புரதம்தான் இருக்கிறது. ஒரு கோழி முட்டையிலோ சுமார் 6 கிராம் இருக்கிறது. வயிறு நிறையச் சோறு தின்ற குட்டி, உடம்பு நிறையச் சத்து பெறவில்லை.

பசும்பாலும் தாய்ப் பாலுக்கு ஈடாகாது. நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. பால் சர்க்கரையோ பசும்பாலில்தான் அதிகம். அது பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை. பேதி கண்டுவிடும்.

"அப்படியானால் கறி மட்டும் போடலாமே?" என்று சிலர் கேட்கலாம். அதுவும் தவறு. வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. உடம்பு தனக்கு வேண்டிய சுண்ணாம்பை எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எலும்பு மெலியும், கால் வளையும்.

2013ல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் நகரக் கால்நடை மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வளர்ந்த நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 100க்கு 95 குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. வளர்ந்த நாய்க்கே இப்படி என்றால், வளரும் குட்டிக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

ஆகவே, வளரும் குட்டிக்கென்றே செய்த தீனி முக்கிய உணவாக இருக்கட்டும். அதை வெந்நீரில் ஊறவைத்து, ஆறவிட்டு, மசித்துக் கொடுக்கலாம். சின்ன ஜாதிக்குக் குறைந்த அளவே ஆவதால், செலவு பயந்த அளவுக்கு இராது. வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி, உப்புக் காரம் சேர்க்காத காரட் ஆகியவற்றை மேல் உணவாகக் கொஞ்சம் கொடுக்கலாம். வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் கொடுக்க முடியும் என்றால் டாக்டரைக் கேளுங்கள். எந்தத் தாது உப்பு, எவ்வளவு சேர்ப்பது என்று அவர் சொல்வார். தீனியும் கொடுத்து, நாமாகச் சுண்ணாம்பு மாத்திரையும் கொடுப்பது கூடாது. மிஞ்சினாலும் கெடுதல்தான்.

எத்தனை வேளை?

2 மாதம் முதல் 3 மாதம் வரை, நாளுக்கு 4 வேளை.

3 மாதம் முதல் 6 மாதம் வரை, 3 வேளை.

6 மாதத்துக்குப் பிறகு, 2 வேளை.

கடைசி வேளை உணவைப் படுக்கப் போகும்போது கொடுங்கள். இரவு நடுக்கம் வராமல் காக்கும் வழி இதுவே. நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். அடர்ந்த முடியுள்ள நாய்க்குச் சித்திரை வெயில் பெரும் பகை. உச்சி வேளையில் வெளியே விடாதீர்கள்.

உணவை மாற்றினால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய உணவில் புதிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

இவை விஷம்!

மனிதனுக்கு உணவாவது நாய்க்கு விஷமாகலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். சாம்பார் சோறும் குழம்புச் சோறும் போடாதீர்கள். திராட்சைப் பழமும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் திராட்சை இருப்பதை மறக்க வேண்டாம். சாக்லேட் இதயத்தைத் தாக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசி போல உடைந்து குடலைக் குத்தும்.

கண் ஏமாறும்; கை ஏமாறாது

"எங்கள் குட்டி கொழுகொழு என்று இருக்கிறது. தொந்தியைப் பாருங்கள்!" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு.

அந்தத் தொந்தி, கொழுப்பு அல்ல, பூச்சியாக இருக்கலாம்!

நாயின் குடலில் வாழும் உருண்டைப் புழு, தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும். தாய்ப் பாலிலும் வரும். குட்டி தின்பதில் ஒரு பங்கைப் புழு தின்னும். வயிறு உப்பும், விலா மெலியும். வெள்ளை முடி அடர்ந்திருப்பதால் மெலிவு கண்ணுக்குத் தெரியாது. இந்தப் புழுவின் முட்டை மண்ணில் கலந்து, மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும் நோய் தரும். ஆகவே, குட்டிக்கு 2, 4, 6, 8 வாரங்களிலும், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறையும் பூச்சி மருந்து தேவை. அளவு, குட்டியின் எடைக்குத் தக்கபடி. எடை தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது.

குட்டி மெலிந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. முதலில் கை முட்டியை மடக்கி, முட்டியின் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். பிறகு விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். கடைசியில் உள்ளங்கையைத் தொடுங்கள். இப்போது குட்டியின் விலாவைத் தடவுங்கள். மடக்கிய முட்டி போல இருந்தால், மெலிவு. உள்ளங்கை போல எலும்பே தட்டுப்படாமல் இருந்தால், அதிகக் கொழுப்பு. புறங்கை போல இருந்தால், சரியான உடம்பு!

மளிகைக் கடைத் தராசு

அடுத்தது எடை. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். மளிகைக் கடையில் உள்ள எலக்ட்ரானிக் தராசு போதும். கூடையை முதலில் நிறுங்கள். பிறகு, கூடையில் குட்டியை வைத்து நிறுங்கள். கழித்தால் குட்டியின் எடை. அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

ஒரு குட்டியின் எடை வாரா வாரம் 1,300 கிராம், 1,480 கிராம், 1,650 கிராம் என்று ஏறுவதாக வைத்துக்கொள்வோம். நல்லது. நான்காவது வாரம் 1,660. ஐந்தாவது வாரம் 1,600. இப்போது மணி அடிக்கிறது! குட்டி துள்ளி விளையாடினாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். நோய் முதலில் தராசில் தெரியும். பிறகுதான் முகத்தில் தெரியும்.

இது புதிய வித்தை அல்ல. அங்கன்வாடியில் குழந்தைகளை நிறுத்து அட்டையில் கோடு போடுவதைத் தாய்மார்கள் பார்த்திருக்கிறார்கள். நாய்க்குட்டிகளுக்கும் அதே போன்ற வளர்ச்சி அட்டைகளை 2017ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். கோடு சீராக ஏறினால் நலம். இறங்கினாலோ திடீரென்று தாண்டினாலோ கவனம் தேவை.

சின்ன ஜாதிக் குட்டி சுமார் 4 மாதத்தில் வளர்ந்த எடையில் பாதியை எட்டிவிடும். 8 முதல் 12 மாதங்களில் வளர்ச்சி முடியும். பிறகும் குட்டித் தீனியே கொடுத்தால் கொழுப்பு சேரும். மெல்லிய கால் மூட்டு அந்தப் பாரத்தைத் தாங்காது.

பல்லையும் பாருங்கள். பால் பற்கள் 28. அவை விழுந்து, 42 நிலைப் பற்கள் வரும். சின்ன ஜாதியில் பால் பல் விழாமலே புதுப் பல் பக்கத்தில் முளைப்பது உண்டு. 6 மாதத்துக்கு மேலும் அப்படி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஊசி மறக்காதீர்கள்

உணவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தடுப்பூசி போடாத குட்டிக்குப் பாதுகாப்பு இல்லை. பார்வோ என்ற ரத்தப் பேதி நோய் சில நாட்களில் உயிரைக் குடிக்கும். அதற்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை, 3 அல்லது 4 வார இடைவெளியில் ஊசி போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாதத்தில் போட வேண்டும். இது குட்டிக்காக மட்டும் அல்ல. அதைக் கொஞ்சும் குழந்தைகளுக்காகவும். குட்டி கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நம்ம குட்டிதானே" என்று இருந்துவிடக் கூடாது.

"மாட்டாஸ்பத்திரிக்கு நாயைக் கொண்டுபோவதா?" என்று கூச்சப்பட வேண்டாம். அரசுக் கால்நடை மருந்தகத்தில் நாய்க்கும் வைத்தியம் உண்டு.

கல்லில் எழுதிய ஊர்

உத்திரமேரூர், கணக்கும் ஒழுங்கும் தெரிந்த ஊர். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊர். 1,100 ஆண்டு ஆகியும் அந்த எழுத்து பேசுகிறது.

குட்டி நாய்க்குக் கல்வெட்டு வேண்டாம். ஒரு 40 பக்க நோட்டு போதும்.

அந்த நள்ளிரவில் கிழவி சர்க்கரை டப்பாவை எடுத்தாள். ஈறில் தடவினாள். சற்று நேரத்தில் குட்டி நாக்கை நீட்டி நக்கியது. விடிந்ததும் டாக்டரிடம் போனார்கள். பூச்சி மருந்து கிடைத்தது. சிறுமி கையில் ஒரு நோட்டும் வந்தது.

இப்போதெல்லாம் படுக்கப் போகுமுன் அவள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்:

"ஆயா, குட்டிக்கு வெச்சாச்சா?"