இப்போது காளியைப் பார்த்தால்...

பிடித்த படத்தைப் பல வருடம் கழித்துப் போட்டுப் பார்க்க உட்காரும்போது உள்ளூர ஒரு பயம் இருக்கும். அன்று கண்ணீர் விட வைத்த காட்சி இன்று சிரிப்பு மூட்டிவிட்டால்? எழுபதுகளின் படங்கள் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை. வசனம் முழம் முழமாக நீளும். நகைச்சுவை கதைக்குச் சம்பந்தமில்லாமல் தனி டிராக்கில் ஓடும். அழ வேண்டிய இடத்தை வயலின்கள் முன்கூட்டியே அறிவித்துவிடும். ‘முள்ளும் மலரும்’ தேறுகிறது. தேறுவதோடு விடாமல், பார்க்கிறவரின் வயதையும் மனசையும் அது உரசிப் பார்க்கிறது.

1978 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த படம். ‘தங்கப்பதக்கம்’ போன்ற வசனப் படங்களுக்குப் பேனா பிடித்த மகேந்திரன், இயக்குநராக எடுத்த முதல் படம். பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்த முதல் தமிழ்ப் படமும் இதுதான். மூலக்கதை, ‘கல்கி’யின் வெள்ளி விழா நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்ற உமா சந்திரனின் நாவல். அதைக்கூட நாயகன் கையை இழக்கும் இடம்வரைதான் படித்ததாகவும், மீதியைத் தன் போக்கில் எழுதிக்கொண்டதாகவும் மகேந்திரன் சொல்லியிருக்கிறார்.

கதை நாலு வரிதான். மலையடிவாரத்து மின்நிலையத்தில், கம்பியில் ஏறி இறங்கும் விஞ்ச் வண்டியின் ஆபரேட்டர் காளி. தாய் தகப்பன் இல்லாத அவனுக்குத் தங்கை வள்ளிதான் உலகம். புதிதாக வரும் இன்ஜினீயர் குமரனுக்கும் அவனுக்கும் ஆகவில்லை. அந்தக் குமரனுக்கே வள்ளியைப் பிடித்துப்போகிறது. பிறகு நடப்பதுதான் படம்.

கொட்டகை யார் பக்கம்?

வெளியான காலத்தில் கொட்டகை மொத்தமும் காளி பக்கம். ஊர்க்காரர்களை விஞ்சில் ஏற்றிவிடுகிற நல்ல மனசுக்காரன் அவன். சட்டம் பேசுகிற அதிகாரி வந்து அவனை அதட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? காளியாக நடித்த ரஜினியை அந்த வருடம்தான் ‘பைரவி’ தனி நாயகனாக ஆக்கியிருந்தது. தலையைச் சிலுப்பி, கண்ணைச் சுருக்கி, மேலதிகாரி முன்னால் வளையாமல் நிற்கிற அந்த உடம்பு, முதலாளியிடமும் மேஸ்திரியிடமும் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்காகவே நின்றது. விசில் பறந்ததில் அதிசயமில்லை.

இப்போது பாருங்கள். குமரன் என்ன தப்பு செய்கிறார்? விஞ்சில் ஊர்க்காரர்களை ஏற்றக் கூடாது என்கிறார். கம்பி அறுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்து, ஒருநாளாவது மெமோவில் கையெழுத்துப் போட்டவர்களுக்குச் குமரனாக வரும் சரத்பாபுவின் முகத்திலுள்ள தயக்கம் நன்றாகப் புரியும். காளி குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கிறான், லாரி ஏறிக் கை போகிறது. அதற்கும் குமரனையே குற்றவாளியாக்குகிறான். வள்ளியை அவருக்குத் தர மறுத்து, பெண்களை வேறு கண்ணோடு பார்க்கிற மளிகைக்கடைக்காரருக்கு நிச்சயம் செய்கிறான். தங்கையின் விருப்பம் அவன் கணக்கிலேயே இல்லை. ‘பாசம்’ என்று அன்று கைதட்டியதில் பாதி வறட்டுப் பிடிவாதம்.

மங்கா சொன்னது

அன்று பலர் கவனிக்காமல் விட்ட ஆள் மங்கா. ‘படாபட்’ ஜெயலட்சுமி நடித்த வேடம். தாயோடு பிழைக்க வந்த சாப்பாட்டுப் பிரியை. வாணி ஜெயராம் குரலில் அவள் பாடும் சோற்றுப் பாட்டு அன்று சிரிப்பை வரவழைத்தது. வயிறார உண்ணாத ஒருத்தியின் ஆசை அது என்பது இன்று உறைக்கிறது. காளிக்கு வாழ்க்கைப்பட்டு, அவன் கோபத்தையும் ஊனத்தையும் சேர்த்துச் சுமக்கிறாள். அவன் பேச்சுக்கு ஊரே அடங்கிக் கிடக்கும்போது, நாத்தனாருக்காகப் புருஷனையே எதிர்த்து நிற்கிறவளும் அவள்தான். வள்ளி-குமரன் கல்யாணத்துக்கு வழி செய்வது மங்காவின் துணிச்சல். அண்ணன் தங்கைப் படம் என்று பெயர் வாங்கிய படத்தில், நியாயத்தை அண்ணியின் கையில் கொடுத்திருக்கிறார் மகேந்திரன்.

தயாரிப்பாளருக்கு இதெல்லாம் உவப்பாக இல்லை. ‘பாசமலர்’ போல ஒன்றை எதிர்பார்த்தவர், படத்தில் வசனமே இல்லையே என்று நொந்துபோனார் என்பது மகேந்திரன் பலமுறை சொன்ன செய்தி. யேசுதாஸ் பாடிய பாட்டுக்கு முன்னால் வரவேண்டிய காட்சிக்குப் பணம் தர மறுத்தபோது, படத்தில் நடிக்காத கமல்ஹாசன் செலவை ஏற்றுக்கொண்டார் என்பதும் அவர் சொன்னதுதான். தயாரிப்பாளர் குறை என்று நினைத்த அந்த மௌனம்தான் இன்று படத்தைக் காப்பாற்றி நிற்கிறது. கையிழந்து வந்த அண்ணனை வள்ளி முதல்முறை பார்க்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து வழக்கப்படி அங்கே ஒரு பக்க வசனம் வந்திருக்க வேண்டும். வள்ளியாக வரும் ஷோபாவின் முகத்துக்கும் இளையராஜாவின் இசைக்கும் இடத்தை விட்டுவிட்டு எழுத்தாளர் மகேந்திரன் ஒதுங்கிக்கொள்கிறார். சிருங்கேரியின் பனியையும் வெயிலையும் பாலு மகேந்திரா உள்ளபடியே பிடித்திருக்கிறார். அரங்கப் பூச்சு எதுவும் இல்லாததால் படம் பழசாகவில்லை.

ஷோபாவைப் பார்க்கும்போது மட்டும் மனசு கதையை விட்டு வெளியே வந்துவிடுகிறது. படம் வெளியானபோது அவருக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. ‘பசி’க்காகத் தேசிய விருது பெற்றவர், 1980 மே 1 அன்று பதினேழு வயதில் போய்விட்டார். ஜெயலட்சுமியும் அதே வருடம் இறந்தார். அண்ணனைச் சுற்றி அந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் 1980ஐத் தாண்டவில்லை என்று தெரிந்துகொண்டு பார்ப்பது, முதல் நாள் ரசிகருக்கு வாய்க்காத வேதனை.

திருந்தாத நாயகன்

கடைசிக் காட்சியில்தான் மகேந்திரனின் நேர்மை தெரிகிறது. ஊரே வள்ளியோடு கல்யாணத்துக்குக் கிளம்புகிறது. காளி தனியாக நிற்கிறான். வள்ளி எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். அவள் தனக்காக எல்லாவற்றையும் விடத் தயார் என்று தெரிந்த பிறகுதான் அவனால் அவளைக் கொடுக்க முடிகிறது. கொடுக்கும்போதும் குமரனை இன்னமும் தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறான். வேறு படமாக இருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பான். காளி திருந்தவில்லை, ஓர் அடி மட்டும் நகர்கிறான். நிஜ மனிதர்கள் அந்த அளவுக்குத்தான் நகர்வார்கள்.

காளி நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ படம் எந்த இடத்திலும் தீர்ப்பு எழுதவில்லை. அவன் திமிர் எல்லாமே திரையில் இருக்கிறது, ஒளித்து வைக்கப்படவில்லை. விசில் சத்தத்தில் அது காதில் விழாமல் போனது கொட்டகையின் கதை. பிடித்த இயக்குநர் யார் என்று கே. பாலசந்தரே கேட்டபோது மகேந்திரன் பெயரை ரஜினி சொன்னதற்கு, இப்படி ஒரு மனிதனைக் கையில் கொடுத்ததே காரணமாக இருக்க வேண்டும்.

ரஜினிக்காக இந்தப் படத்தை எத்தனையோ பேர் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை வீட்டில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துப் போடுங்கள். காளி பேசும் காட்சிகளில் மங்காவின் முகத்தைப் பாருங்கள். படம் முடிந்ததும், காளி செய்தது சரியா என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.