கழற்றி வைத்த கண்ணாடி

"நிலைக்கண்ணாடியைக் கழற்றி வெச்சுட்டேம்மா. பார்த்தா மனசு தாங்கல." கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வீடொன்றில் தேநீர் கொடுத்தபடி அந்த அக்கா சொன்னார். மார்பக அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடமாகிறது.

மலேசியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் இதுதான். கட்டியைப் பற்றிப் பேசுகிறோம். அறுவைக்குப் பிறகு மனம் படும் பாட்டைப் பேசுவதில்லை.

எடுத்த மார்பு இன்னும் அரிப்பதுபோல் இருக்குமாம். "பைத்தியமோன்னு பயந்தேன்" என்றார். இல்லை, அது நரம்புகளின் வேலை, பலருக்கும் வருவதுதான். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தால் கை வீங்கவும் கூடும். கொழுந்து பறித்தவருக்குக் கைதானே பிழைப்பு!

எல்லாருக்கும் மார்பை முழுதாக எடுக்க வேண்டியதில்லை. ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை 20 ஆண்டுக்கால ஆய்வுகள் 2002இல் உறுதிசெய்தன. மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்; பயந்து தள்ளிப்போடாதீர்கள். மலேசிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் 1986 முதல் இயங்குகிறது. இதைக் கடந்து வந்த பெண்களே அங்கே துணை நிற்கிறார்கள்.

"வீட்டுக்காரரு ஒண்ணும் கேக்கறதில்ல. கேட்டா எனக்கு வலிக்கும்னு நெனைக்கிறாரு. கேக்காததுதாம்மா வலிக்குது."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், இன்றிரவு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.