மொட்டை மாடித் தொட்டியும் ப்ளுடூத் மாட்யூலும்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். பொதிகை மலையில் புறப்பட்டு, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆறு இது. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப்பில் நிரப்பி, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். தொட்டி நிறைந்ததா என்று பார்க்க இரும்பு ஏணியில் ஏற வேண்டும். "எலே, தொட்டி நெறஞ்சிட்டா பாருல" என்று அம்மா குரல் கொடுப்பார். நான் இல்லாத நாட்களில் அவரே ஏறிவிடுவார்.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ஆறு கரைபுரண்டு ஓடியது. எங்கள் குழாயில் மட்டும் சில நாட்களுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தொட்டியைப் பற்றிய கவலை கூடிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏணி ஏறினார். ஒரு காலையில் ஈரப் படியில் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்ததால் முழங்கால் சிராய்ப்போடு தப்பினார். அன்று மாலைதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

முதலில் மாடியிலிருந்து சமையலறைக்கு வயர் இழுத்தேன். அணில் கடித்துவிட்டது. எனவே வயர் இல்லாமல் தகவல் அனுப்ப வழி தேடினேன்.

பழைய கம்ப்யூட்டரின் பின்புறம் ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு இணைப்பு இருக்கும். மவுஸ், மோடம் எல்லாம் அதில் இணைத்தோம். அதன் பெயர் சீரியல் போர்ட். ஒரே வயரில் பிட்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் செல்வதால் இந்தப் பெயர். இன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட்டைப் பார்ப்பது அரிது. ஆனால் அந்த முறை சாகவில்லை. 2005-ல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ போர்டும் அதே முறையில்தான் கம்ப்யூட்டரோடு பேசுகிறது. வயருக்குப் பதிலாக ப்ளுடூத்தை வைத்தால் வயர்லெஸ் சீரியல் தயார். இதற்கென்றே விற்கப்படும் சிறிய மாட்யூல்தான் ஹெச்.சி-05.

இதில் ஆறு கால்கள் உண்டு. நமக்கு வேண்டியவை நான்குதான்: வி.சி.சி., கிரவுண்ட், டி.எக்ஸ்.டி., ஆர்.எக்ஸ்.டி. வி.சி.சி.யை ஆர்டுயினோவின் 5 வோல்ட்டுக்கும், கிரவுண்டைக் கிரவுண்டுக்கும் கொடுங்கள். அடுத்த இரண்டில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். டி.எக்ஸ்.-ஐ டி.எக்ஸ்.-ஓடும், ஆர்.எக்ஸ்.-ஐ ஆர்.எக்ஸ்.-ஓடும் இணைத்துவிட்டு ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டி.எக்ஸ். என்பது வாய், ஆர்.எக்ஸ். என்பது காது. ஒருவர் வாய் மற்றவர் காதுக்குப் போக வேண்டும். இரண்டு வாய்களைச் சேர்த்துக் கட்டினால் என்ன கேட்கும்?

இணைப்பைச் சரியாக மாற்றிய பிறகும் ஒரு சிக்கல் காத்திருந்தது. ஆர்டுயினோ யூனோ அனுப்பும் சிக்னல் 5 வோல்ட். மாட்யூலின் காது தாங்குவது 3.3 வோல்ட். மாட்யூலைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கமே அச்சிட்டிருக்கும். நான் பார்க்கவில்லை. நேரடியாக இணைத்த முதல் மாட்யூல் இரண்டு நாள் வேலை செய்துவிட்டு அடங்கிவிட்டது. உடனே எரிந்திருந்தால் காரணம் புரிந்திருக்கும். இரண்டு நாள் ஓடியதால் மாட்யூல் மீதே பழி போட்டேன்.

தீர்வு சில ரூபாய் ரெசிஸ்டர்களில் இருக்கிறது. ஆர்டுயினோவின் 11-ம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மாட்யூலின் ஆர்.எக்ஸ்.டி.க்கு வாருங்கள். அதே ஆர்.எக்ஸ்.டி.யிலிருந்து 2 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குக் கொடுங்கள். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 3.3 வோல்ட் மட்டும் காதுக்குப் போகும். 2 கிலோ ஓம் கடையில் கிடைக்காவிட்டால், இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வரிசையாக இணைத்தால் போதும். நானும் அப்படித்தான் செய்தேன். மாட்யூலின் டி.எக்ஸ்.டி.யை 10-ம் பின்னுக்கு நேரடியாகவே தரலாம், 3.3 வோல்ட் ஆர்டுயினோவை ஒன்றும் செய்யாது.

0, 1 பின்களில் ஏன் இணைக்கவில்லை என்று கேட்கலாம். அந்த இரண்டும் யு.எஸ்.பி.க்குச் சொந்தம். அதில் மாட்யூலைச் செருகினால் புரோகிராமை ஏற்றும்போது பிழை வரும். எனவே சாஃப்ட்வேர்சீரியல் என்ற லைப்ரரியைச் சேர்த்து, 10, 11 பின்களைச் சீரியலாக மாற்றிக்கொண்டேன். வேகம் 9600.

தொட்டிக்குள் இரண்டு மிதவை ஸ்விட்சுகள். ஒன்று பாதியில், ஒன்று மேலே. இரண்டும் தொங்கினால் 0, கீழ் மிதவை மட்டும் எழும்பினால் 1, இரண்டும் எழும்பினால் 2 என்று ஆர்டுயினோ ஒவ்வொரு வினாடியும் ஓர் எண்ணை அனுப்புகிறது. இதற்கான கரண்ட் பழைய செல்போன் சார்ஜரிலிருந்து வருகிறது. மோட்டாரின் 230 வோல்ட் இணைப்பை நான் தொடவே இல்லை. புதிதாகத் தொடங்குபவர்களும் தொட வேண்டாம். எலெக்ட்ரீசியன் வேலை அது.

கம்ப்யூட்டரில் எப்படிப் பார்ப்பது? மாட்யூலின் சிவப்பு விளக்கு வேகமாக மின்னினால் அது இணைப்புக்குக் காத்திருக்கிறது என்று பொருள். விண்டோஸின் செட்டிங்ஸில் ப்ளுடூத் பகுதிக்குச் சென்று புதிய சாதனத்தைச் சேருங்கள். பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234, சிலவற்றில் 0000. பிறகு டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் பகுதியைத் திறந்தால் புதிதாகக் காம் போர்ட் எண்கள் தெரியும். இரண்டு இருந்தால் 'அவுட்கோயிங்' என்பதே நமக்கு வேண்டியது. ஆர்டுயினோ மென்பொருளில் அந்தப் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து சீரியல் மானிட்டரைத் திறந்தால் எண்கள் வரிசையாக வரும். ஆண்ட்ராய்டு போனில் ப்ளுடூத் டெர்மினல் ஆப் ஒன்று போதும். ஐபோனில் இந்த மாட்யூல் இணையாது, அதற்கு பி.எல்.இ. வகை மாட்யூல் வாங்க வேண்டும்.

தூரம் சுமார் 10 மீட்டர் என்பது திறந்தவெளிக் கணக்கு. கான்கிரீட் தளம் அதைக் குறைக்கும். எங்கள் சமையலறை தொட்டிக்கு நேர் கீழே இருப்பதால் கிடைக்கிறது, முன்வாசலில் கிடைப்பதில்லை. முதலில் போர்டை ஒரு தகர டப்பாவில் வைத்தேன். சிக்னல் அதற்குள்ளேயே அடைந்து கிடந்தது. இப்போது பிளாஸ்டிக் டப்பா, வெயில் படாத பக்கம்.

கடைசியாக, மாட்யூலின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். 1234 அண்டை வீட்டுப் பையனுக்கும் தெரியும். மாட்யூலில் உள்ள சிறிய பட்டனை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுத்தால் விளக்கு நிதானமாக மின்னும். அப்போது வேகத்தை 38400 ஆக்கி, நாம் டைப் செய்வதை மாட்யூலுக்குக் கடத்தும் சிறிய புரோகிராமை ஆர்டுயினோவில் ஏற்றி, ஏ.டி. என்று அனுப்பினால் ஓ.கே. என்று பதில் வரும். வரவில்லை என்றால் சீரியல் மானிட்டரில் வரி முடிவு 'போத் என்.எல். அண்ட் சி.ஆர்.' என்று இருக்கிறதா பாருங்கள். நான் 'டேங்க்' என்று பெயர் வைத்தேன். அம்மாவின் பழைய போனில் அந்தப் பெயரைத் தொட்டால் எண் வருகிறது. 2 வந்ததும் மோட்டாரை அவரே நிறுத்திவிடுகிறார். ஏணியை நான் வேறு இடத்தில் பூட்டி வைத்திருக்கிறேன்.