வாசிக்க முடியாத புத்தகம்

1988-ஆம் வருஷம் பீகிங் நகரத்துச் சீனக் கலைக்கூடத்துக்குச் சென்றவர்கள், தலைக்குமேல் தோரணம்போல் வளைந்து தொங்கிய நீண்ட காகிதச் சுருள்களையும், கீழே வரிசையாக விரித்து வைத்திருந்த நூற்கட்டுப் புத்தகங்களையும் கண்டு, புராதனமான சாஸ்திர கிரந்தங்களின் சந்நிதியில் நிற்பதாகவே எண்ணியிருக்க வேண்டும். நெருங்கிப் படிக்க முயன்ற பிறகே, அங்கு அச்சாகியிருந்த எழுத்துக்களில் ஒன்றுகூடச் சீன பாஷையைச் சேர்ந்ததல்ல என்பது அவர்களுக்குப் புலப்பட்டது. தெரிந்த எழுத்து ஒன்றாவது அகப்படாதா என்று பக்கம் பக்கமாகத் தேடிய பண்டிதர்களும் உண்டு.

‘வானத்துப் புத்தகம்’ என்னும் இந்தச் சிருஷ்டியின் கர்த்தா சீனக் கலைஞர் ஷூ பிங். சீன லிபிக்கே உரிய கோடுகளையும் உறுப்புக்களையும் கொண்டு, அந்த லிபியின் இலக்கணம் சிறிதும் பிசகாமல், ஆனால் எந்த அகராதியிலும் இடம்பெறாதபடி, ஏறக்குறைய 4000 எழுத்துக்களைத் தாமே கற்பித்து, மரக்கட்டைகளில் ஒவ்வொன்றாகச் செதுக்கி, பழைய ஸோங் வம்சத்துக் காலப் பதிப்புக்களின் அமைதியிலே அவர் அச்சிட்டார். 1987-இல் தொடங்கிய வேலை, அந்தக் கண்காட்சிக்குப் பின்னும் தொடர்ந்து, 1991-இல்தான் பூர்த்தியாயிற்று. அர்த்தமில்லாத ஒன்றுக்கு இத்தனை சிரத்தையா என்று கேட்கத் தோன்றும். அந்தச் சிரத்தைதான் இங்கே உயிர்நிலை. வேலையில் அலட்சியம் தென்பட்டிருந்தால், பார்த்தவர் வெறும் கிறுக்கல் என்று ஒதுக்கிவிட்டு நகர்ந்திருப்பார்.

1955-இல் பிறந்த ஷூ பிங், அரசாங்கம் எழுத்துக்களைச் சுருக்கித் திருத்திய காலத்திலே கல்வி பயின்று, கற்ற வடிவத்தை மறந்து வேறொன்றைக் கற்க நேர்ந்தவர். கலாசாரப் புரட்சியின்போது சுவர்தோறும் ஒட்டப்பட்ட பெரிய எழுத்துச் சுவரொட்டிகள் மனிதர்களின் வாழ்வையே குலைத்ததையும் கண்டவர். எழுத்தின் மகிமையையும் அதன் கொடுமையையும் ஒருங்கே அறிந்த அவர், அர்த்தத்தை முற்றும் நீக்கிவிட்டு உருவத்தை மாத்திரம் நிறுத்தியபோது, கற்றவரும் கல்லாதவரும் அதன்முன் சரிநிகராக நின்றார்கள்; வாசிப்பதற்கு வழியில்லாமற் போகவே, கண் எழுத்தைச் சித்திரமாகக் காணத் தொடங்கியது.

1990-இல் அமெரிக்கா சென்றபின், ஆங்கில எழுத்துக்களை ஒரு சதுரத்துக்குள் அடுக்கி, தோற்றத்தில் சீனமாகவும் வாசிப்பில் ஆங்கிலமாகவும் விளங்கும் ஒரு லிபியையும் அவர் வகுத்தார். அதுவும் நுட்பமானதே; ஆயினும் வாசிக்கும் வகை தெரிந்தவுடன் அதில் நம் வியப்பு அடங்கிவிடுகிறது. ‘வானத்துப் புத்தக’த்துக்கு அப்படியொரு விடை இல்லை, ஆகையால் அதுவே இரண்டிலும் உயர்ந்தது என்பது என் துணிபு.