மோட்டார் சைக்கிளோட்டியும் காமிராச் சாட்சியமும்

சாலைச் சந்திப்பொன்றில் காரும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொண்டபின் அங்கு வந்து சேருகின்றவர் காண்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான். கார் ஓட்டி வந்தவர் நின்றுகொண்டிருப்பார். நடந்ததை எடுத்துரைக்கவும் கூடியவராயிருப்பார். மோட்டார் சைக்கிளில் வந்தவரோ நினைவிழந்து கிடப்பார், அல்லது மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டிருப்பார். ஆகவே போலீஸ் அதிகாரியின் குறிப்பில் முதலில் ஏறுவது நின்றுகொண்டிருப்பவரின் வாக்குமூலமே. அவர் பொய்யுரைக்கிறார் என்று கொள்ள வேண்டுவதில்லை. தாம் கண்டதை உள்ளபடியே சொல்லலாம். ஆனால் அவர் காணத் தவறியது எதுவோ அதுவே விபத்துக்குக் காரணமாயிருந்தால், அதனை யார் சொல்வது?

சாட்சி என்னும் வடசொல்லுக்குக் கண்ணோடு கூடியவன் என்பது பொருள். தமிழில் இதற்குக் 'கரி' என்றொரு பழஞ்சொல் உண்டு. குறள் பயின்றோர் இதனை அறிவர். கண்ணிருந்தும் பேச இயலாத ஒருவனுக்காகப் பேசும் கரியாக இன்று வந்திருப்பது, மோட்டார் சைக்கிளிலோ தலைக்கவசத்திலோ பொருத்தப்படும் சிறு காமிரா.

இதன் தேவை மலேசியாவில் மிகுதி. 2016ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 7,152 பேர். ஆண்டுதோறும் இவ்வாறு மடிகின்றவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். 1973இல் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமாயிற்று. 1992இல் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டு ஓட்டும் வழக்கம் கொண்டுவரப்பட்டது. பட்டப்பகலில் விளக்கெரிப்பது சிலருக்கு நகைப்பாகத் தோன்றியிருக்கலாம். பிறர் கண்ணுக்குப் புலப்படாமையே மோட்டார் சைக்கிளோட்டியின் முதற்பகை என்னும் உண்மை அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தது.

அவ்வுண்மையை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட். அவருடைய குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்திற்கே சென்று ஆய்ந்தனர்; அறிக்கை 1981இல் வெளியாயிற்று. வேறொரு வாகனத்துடன் நேர்ந்த மோதல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, அவ்வாகனம் மோட்டார் சைக்கிளுக்குரிய வழியுரிமையை மீறிக் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. குறுக்கே திரும்பும் கார்தான் அங்குத் திரும்பத் திரும்ப வரும் குற்றவாளி. ஆபத்து தோன்றியதற்கும் மோதல் நிகழ்ந்ததற்கும் இடையே ஓட்டிக்குக் கிடைத்த காலம் பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு என்பது மற்றொரு முடிவு. இரண்டு வினாடிக்குள் நடந்து முடிவதை, அடிபட்டவன் பின்னர் வரிசை பிறழாமல் நினைவுகூர்வது அரிது. தலையில் அடிபட்டிருந்தால் அந்த நினைவே அழிந்துபோவதும் உண்டு.

ஹர்ட் குழுவினர் விபத்துக்குப் பின் சென்று தடயங்களைக் கண்டனர். காமிராவோ முன்னிருந்தே உடன் செல்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிலையத்தார் 100 பேருடைய மோட்டார் சைக்கிள்களில் காமிராக்களையும் அளவுகருவிகளையும் பொருத்தி, அவர்களைத் தம் போக்கில் ஓட்டவிட்டனர். 2016இல் வெளியான அவ்வாய்வில் 30 விபத்துகளும், மயிரிழையில் தப்பிய 122 நிகழ்ச்சிகளும் பதிவாயின. அவற்றுள் மெல்லச் செல்லும்போது தாமாகவே சரிந்து விழுந்தவை பல. இத்தகைய வீழ்ச்சிகள் போலீஸ் ஏடுகளில் ஏறுவதே இல்லை. தப்பித்த ஆபத்தை யாரும் புகார் செய்வதுமில்லை. ஓட்டுநர்க்குப் பயிற்சி தருவோர்க்குப் பயன்படுவன இவையே.

இனி, கருவியின் செயலைச் சிறிது பார்ப்போம். பெரும்பாலான காமிராக்கள் வினாடிக்கு 30 படங்கள் எடுக்கின்றன. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 25 மீட்டர். எனவே ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே வாகனம் ஏறத்தாழ 83 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. வினாடிக்கு 60 படம் எடுத்தால் இவ்விடைவெளி பாதியாகும். எதிரே வரும் வண்டியின் எண்பலகையை வாசிக்க இது உதவும். இக்கணக்கைத் திருப்பிப் போட்டால் வேகம் கிடைக்கும். சாலையில் இரு குறிகளுக்கு இடையே அளந்த தூரம் 30 மீட்டர் என்றும், அதனைக் கடக்க 45 படங்கள் ஆயின என்றும் வைத்துக்கொள்வோம். 45 படம் என்பது ஒன்றரை வினாடி. வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பில் போட்டுக் காட்டத்தக்க கணக்கு இது!

ஆயினும் காமிரா காட்டுவதெல்லாம் கண் காண்பது போன்றதன்று. அகன்ற காட்சியைப் பிடிக்கும் வில்லை, எதிர்வரும் வாகனத்தை உள்ளதைவிடச் சிறிதாகவும் தொலைவிலிருப்பதாகவும் காட்டும். எஞ்சினின் அதிர்வால் நேர்கோடுகள் நெளிந்து தெரியும். வளைவில் வண்டி சாய்ந்தால் வண்டியில் பொருத்திய காமிராவும் சாய்கிறது. தலைக்கவசத்தில் வைத்தால் ஓட்டி எத்திசையில் தலையைத் திருப்பினார் என்பதும் பதிவாகும். இது சாட்சியத்திற்குப் பெருந்துணை. ஆனால் தலைக்கவசத்தின் மேல் கெட்டியாக எதையேனும் பொருத்துவது, விழும்போது அது காக்கும் திறனைக் கெடுக்கக்கூடும். அதைத் துளையிட்டுப் பொருத்துவதோ சற்றும் தகாது. முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக வண்டியிலேயே பொருத்துவது மேல். பின்னால் வந்து இடிக்கும் லாரியை முன்காமிரா ஒருநாளும் காண்பதில்லை.

காமிரா தன் உடையவனுக்கு மட்டும் சாதகமாகப் பேசும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். இங்கிலாந்தில் நார்ஃபோக் வட்டாரத்தில் 2013இல் ஒருவர் மோட்டார் சைக்கிளில் செல்லுகையில், எதிர்ப்புறமிருந்து வந்த கார் அவர் பாதையின் குறுக்கே திரும்பியது. அவர் இறந்தார். அவருடைய தலைக்கவசக் காமிரா அனைத்தையும் பதிந்திருந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தைக் கார் ஓட்டி ஒப்புக்கொண்டார். இறந்தவர் சென்ற வேகம், மணிக்கு 60 மைல் எல்லையுள்ள சாலையில் 97 மைல் என்பதும் தெரிந்தது. இவ்விரண்டையும் மறைக்காமல் அப்படத்தைப் பலரும் காண வெளியிடப் போலீசாருக்கு 2014இல் இசைவளித்தவர் அவருடைய தாயார். மகனின் குற்றமும் சேர்ந்தே தெரியும் என்று அறிந்தும் அந்தத் தாய் இசைந்தது எளிய செயலன்று. அந்தப் பதிவின் பெறுமதியும் அதில்தான் இருக்கிறது. ஒருபுறத்தை வெட்டிவிட்டால் அது சாட்சியமாகாது.

மலேசிய நீதிமன்றங்களில் இத்தகைய பதிவுக்கு இடமுண்டா என்று வினவுவோர் உளர். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 1993இல் 90ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கணினி தன் வழக்கமான பயன்பாட்டில் உண்டாக்கிய ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்பது அதன் சாரம். பொறுப்பிலிருந்தவர் கையொப்பமிட்ட சான்றிதழால் இதனை நிறுவலாம். ஏற்றல் வேறு, நம்புதல் வேறு என்பதையும் மறத்தலாகாது. நாள், நேரம் பிழையாக இருந்தாலோ, படம் இடையில் துண்டிக்கப்பட்டிருந்தாலோ எதிர்த்தரப்பு வழக்குரைஞர் முதலில் பற்றுவது அதனைத்தான். அலங்கரித்துப் பாட்டுச் சேர்த்து நண்பர்களுக்கு அனுப்பிய பிரதியைக் காட்டிலும், காமிராவிலிருந்து எடுத்த மூலப்பதிவே மதிப்புடையது. விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் விதி. சிங்கப்பூரிலும் காப்புறுதி நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளில் அறிவிக்க வேண்டும். ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் மோட்டார் சைக்கிளோட்டிகள் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

பலர் அறியாத ஓர் இடர் இன்னும் உண்டு. காமிராவின் நினைவு அட்டை நிறைந்ததும், பழைய பதிவுகளை அழித்து அவற்றின் மேல் புதியவற்றை எழுதுவது அதன் இயல்பு. பலத்த அதிர்ச்சி நேர்ந்தால் அப்பகுதியை அழியாமல் பூட்டிவைக்கும் உறுப்புப் பல காமிராக்களில் உண்டெனினும், சாலைக்குழியில் விழும் அதிர்வையும் அது விபத்தென்றே கொள்ளும். அதற்குப் பயந்து அதன் உணர்ச்சியைக் குறைத்து வைத்தால், மெய்யான மோதலில் பூட்டாமலும் போகலாம். விபத்துக்குப் பின் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் சென்று எஞ்சினை இயக்கிப் பார்த்தால் காமிராவும் ஓடத் தொடங்கும். சில மணி நேரத்தில் வேண்டிய அந்த இரண்டு வினாடிகள் இல்லாமற் போகும். ஓட்டியோ மருத்துவமனையில் இருப்பார். ஆகவே காமிரா எங்கே இருக்கிறது, அதன் அட்டையை எப்படி எடுப்பது என்பதை வீட்டிலுள்ள ஒருவருக்கேனும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.