ஏழெழுத்துப் பெயருக்கு இருபது இடம் போதவில்லை

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது. அதற்கான பதிவு முறையை எழுதியவன் நான். நற்சான்றிதழில் பெயர் தமிழில்தான் வர வேண்டும் என்பது ஏற்பாட்டுக் குழுவின் ஒரே நிபந்தனை.

என் மடிக்கணினியில் இருந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பெயருக்கு 'வார்ச்சார் 20' என்று இடம் ஒதுக்கினேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. போட்டிக்கு முதல் நாள் இரவு, ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு அதை மாற்றினேன். 'கவின்' உள்ளே போய்விட்டான். 'தமிழ்ச்செல்வி' வாசலிலேயே நின்றாள். உச்சவரம்பு 20, வந்திருப்பது 39 என்றது பிழைச் செய்தி.

எண்ணிப் பாருங்கள், அந்தப் பெயரில் இருப்பது ஏழே எழுத்துகள். 39 எங்கிருந்து வந்தது?

நமக்கு 'மி' ஓர் எழுத்து. கணினிக்கு மகரம் ஒன்று, இகரக் குறி இன்னொன்று. மெய்யின் மேலுள்ள புள்ளியும் தனிக் கணக்கு. அப்படி எண்ணினால் 13 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். அதனால்தான் பாடத்தில் வரும் ஆங்கிலப் பெயர்களில் இந்தச் சிக்கல் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

மைஎஸ்கியூஎல்லில் வார்ச்சார் 20 என்றால் 20 குறிகள். ஆரக்கிளில், நாம் வேறு ஏதும் குறிப்பிடாவிட்டால், 20 பைட். பெயர் ஒன்று, அளவுகோல் இரண்டு! இது மட்டுமா? 'டைம்ஸ்டாம்ப்' என்றால் மைஎஸ்கியூஎல்லில் தேதியும் நேரமும். எஸ்கியூஎல் சர்வரிலோ அந்த வகையில் நேரமே கிடையாது. ஒரு வரிசை திருத்தப்படும்போதெல்லாம் மாறும் எண்தான் இருக்கும். பெயரை வைத்து வேலையை ஊகித்தால் இப்படித்தான் நடு இரவில் விழிக்க வேண்டும்.

"பேசாமல் எல்லாப் பெயரையும் ஆங்கிலத்திலேயே போட்டுவிடுடா, யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்றான் உடனிருந்த நண்பன். களைப்பில் ஒரு நிமிடம் எனக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் தமிழில் கட்டுரை எழுதி வரும் பிள்ளையிடம், உன் பெயர் மட்டும் தமிழில் அடங்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

திருத்தம் என்னவோ ஒரே வரிதான். எண்ணை 100 ஆக்கி, பக்கத்தில் 'சார்' என்று சேர்த்தேன். பைட்டை விட்டுவிட்டுக் குறிகளை எண்ணு என்பது அதன் பொருள். தமிழ்ச்செல்வி முழுதாக உள்ளே வந்தாள். பட்டியலில் ஆக நீளமான பெயரையும் தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனேன்.