துயருறும் கைகள்



யோப்பாவில் தபித்தா இறந்தபோது, அவர் செய்துகொடுத்த ஆடைகளைப் பேதுருவிடம் காட்டிக் கைம்பெண்கள் அழுதனர் (தி.பணிகள் 9:39). அழவேண்டாம் எனப் பேதுரு அவர்களைத் தடுத்ததாக நாம் வாசிப்பதில்லை. தபித்தா உயிர்பெற்றார், நம் வீடுகளில் ஆடைகள் மட்டுமே எஞ்சுகின்றன.

மகளைப் பறிகொடுத்த தாய் ஒருவரை அறிவேன். 31ஆம் நாள் திருப்பலிக்குப் பின்னர், மகளின் பாவாடைத் துணியில் சிறு பூக்களை வெட்டித் தடித்த தாளில் ஒட்டி அட்டைகள் செய்யத் தொடங்கினார். வீண்வேலை என்றனர் உறவினர். அச்சகத்தில் ஒரே நாளில் நூறு அட்டைகள் பெறலாம். அவருக்கோ ஒன்றுக்கே ஒரு மாலைப்பொழுது சென்றது. அந்தத் தாமதமே அவருக்குத் தேவையாயிருந்தது. அழுவாரென அஞ்சி வீட்டார் உச்சரிக்காது விட்ட மகளின் பெயரை, கத்தரிக்கோலும் கையுமாக அமர்ந்து அவர் மெல்லச் சொல்லிக்கொண்டார்.

அவ்வட்டைகள் துயர்வீடுகளுக்கே சென்றன. அதுவும் கூட்டம் கலைந்து சில வாரங்கள் கழிந்த பின்னர். தாம் பெற்ற ஆறுதலால் பிறரைத் தேற்றுவதைப் பவுலடியார் எழுதுகிறார் (2 கொரி. 1:4). இத்தாயோ ஆறுதல் பெற்று முடிந்தவரல்லர், ஆயினும் கொடுத்தார்.

நவம்பர் 2இல் மெழுகுதிரியோடு கல்லறைக்குச் செல்வீர்கள். இவ்வாண்டு ஒருவரை இழந்த வீடு அயலில் இருப்பின், அட்டையொன்று செய்து எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்துக் கோணலாயினும் பரவாயில்லை; இறந்தவரின் பெயரை மட்டும் பிழையின்றி எழுதுங்கள்.